இங்கிலாந்துக் கல்லூரி வேலையும் டிபிஎஸ் சோதனையும்

இங்கிலாந்தில் கல்லூரி என்றால் நம் ஊரில் ப்ளஸ் டூ படிக்கும் வயதுப் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். சட்டத்தின் கண்ணில் 18 வயது நிரம்பாதவர்கள் குழந்தைகளே. அதனால் அங்கே வேலைக்குச் சேர்பவரின் பின்னணியை விசாரிக்காமல் கல்லூரி அவரை உள்ளே விடக்கூடாது. விரிவுரையாளருக்கு மட்டுமல்ல, ஆய்வக உதவியாளர், மாணவர் ஆலோசகர், விடுதிக் காப்பாளர் போன்றோருக்கும் இது பொருந்தும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்ற இயன் ஹண்ட்லி அவ்வூர்ப் பள்ளியின் பராமரிப்பாளர். அவர்மீது வேறொரு காவல் மாவட்டத்தில் முன்பே பாலியல் புகார்கள் இருந்தன. ஆனால் அந்த விவரம் பள்ளிக்கு வந்து சேரவில்லை. அவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருந்தும், காவல்துறை நிக்சன் என்ற ஒன்றை மட்டுமே தேடிப் பார்த்தது. இதை ஆராய்ந்து 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கையும், அதைத் தொடர்ந்த 2006ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டமும் இன்றைய முறைக்கு அடித்தளம். 2012 டிசம்பர் முதல் டிபிஎஸ் (Disclosure and Barring Service) என்ற அரசு அமைப்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தப் பின்னணிச் சோதனையைக் கவனிக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு அமைப்புகள்.

சோதனையில் பேசிக், ஸ்டாண்டர்டு, என்ஹான்ஸ்டு என்று நிலைகள் உண்டு. மாணவர்களுக்குத் தவறாமல் பாடம் சொல்லித்தருபவர், அவர்களைக் கவனித்துக்கொள்பவர் ஆகியோருக்கு என்ஹான்ஸ்டும், அதனுடன் தடைப்பட்டியல் (குழந்தைகளோடு வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியல்) சோதனையும் வேண்டும். பழைய தண்டனைகள், எச்சரிக்கைகளோடு, இந்த வேலைக்குத் தொடர்புடையது என்று காவல்துறை கருதும் மற்றத் தகவலும் என்ஹான்ஸ்டில் வரலாம். தடைப்பட்டியலில் பெயர் இருப்பவர் இப்படிப்பட்ட வேலைக்கு விண்ணப்பிப்பதே குற்றம், ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. தெரிந்தே வேலை கொடுப்பதும் குற்றம்தான்.

வேலை தேடும் முன்பே இதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்களாக நேரடியாக விண்ணப்பித்து வாங்கக்கூடியது பேசிக் மட்டுமே, கல்லூரி வேலைக்கு அது போதாது. என்ஹான்ஸ்டுக்குக் கல்லூரியோ, அதற்காகச் செயல்படும் பதிவுபெற்ற அமைப்போதான் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். 2024 டிசம்பர் முதல் அதன் அரசுக் கட்டணம் 49.50 பவுண்ட். சம்பளமில்லாத் தொண்டர்களுக்கு இலவசம். பணத்தைக் கல்லூரி கட்டுமா, உங்களிடம் கேட்குமா என்பதை வேலை உறுதியான அன்றே கேட்டுவிடுங்கள்.

தமிழர்களுக்குச் சிக்கல் வரும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக இருக்கும். வங்கிக் கணக்கில் தந்தை பெயர் பின்னால் வரும். பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். இவற்றில் எதையும் விடாமல், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பயன்படுத்தினீர்கள் என்பதோடு எழுதுங்கள். ஒரு பெயரை மட்டும் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு சோஹமே சாட்சி. அடுத்தது முகவரி: கடந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த இடங்கள் எல்லாம், இடையில் ஒரு மாதம்கூட விடுபடாமல் வேண்டும். நண்பர் வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாதத்தை விட்டுவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

டிபிஎஸ் வெளிநாட்டுக் குற்றப் பதிவேடுகளைத் தேடாது. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் கல்லூரி கூடுதல் சான்று கேட்டே ஆகவேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவரிடம் பாஸ்போர்ட் அலுவலகமோ தூதரகமோ தரும் காவல்துறை நற்சான்றையும், இலங்கையிலிருந்து வந்தவரிடம் அந்நாட்டுக் காவல்துறைத் தலைமையகச் சான்றையும் கேட்பார்கள். இவை வந்துசேரத் தாமதமாகலாம், நேர்காணல் முடியும்வரை காத்திருக்காமல் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

சான்றிதழ் சுத்தமாக வந்தாலும் விசாரணை முடிந்துவிடவில்லை. காவல்துறையிடம் ஒருபோதும் போகாத ஒரு தவறு அதில் தெரியாது. முந்தைய முதலாளியின் பரிந்துரைக் கடிதமும் வேலை வரலாறும் அதே அளவுக்கு முக்கியம் என்பது அதனால்தான். பரிந்துரையைக் கல்லூரி நேரடியாக அங்கிருந்தே வாங்க வேண்டும், நீங்கள் கையில் கொண்டுவரும் ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்ற பொதுக் கடிதத்தை ஏற்கக் கூடாது. இடைவெளி இருந்தால் காரணம் கேட்பார்கள். பிள்ளைப்பேறு, நோய், ஊருக்குப் போனது என எதுவானாலும் உள்ளதைச் சொன்னால் போதும். நேர்காணலுக்குத் தேர்வானவர்களின் பெயரைக் கல்லூரி இணையத்திலும் தேடிப் பார்க்கலாம், அதை அவர்களிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சான்றிதழ் தாமதமானால்? தடைப்பட்டியலைத் தனியாகப் பார்த்துவிட்டு, மற்ற சோதனைகளையும் முடித்து, தக்க மேற்பார்வையோடு உங்களை வேலையில் அமர்த்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டு. அப்படியிருக்க மாணவர்களோடு தனியே விட்டால், அது கல்லூரியின் தவறு. தயங்காமல் சொல்லுங்கள்.

பழைய தண்டனை ஒன்று இருப்பதாலேயே கதவு மூடிவிடாது. தடைப்பட்டியலில் இல்லாதவரைப் பொறுத்தவரை, என்ன குற்றம், எப்போது, இந்த வேலையோடு என்ன தொடர்பு என்று கல்லூரி எடைபோட வேண்டும். ஆனால் மறைத்தது பிறகு தெரியவந்தால் வேலை போகலாம்.

சான்றிதழ் உங்கள் வீட்டுக்கே வரும். மூலத்தைக் கல்லூரியிடம் காட்டுங்கள். நகல் எடுத்தால் ஆறு மாதத்துக்கு மேல் அவர்கள் வைத்திருக்கக் கூடாது. விவரம் பிழையாக இருந்தால் மூன்று மாதத்துக்குள் டிபிஎஸ்ஸிடம் முறையிடலாம். சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர், சான்றிதழ் வழங்கிய 30 நாளுக்குள், அதை நடப்பில் வைத்திருக்கும் டிபிஎஸ்ஸின் இணையச் சேவையான அப்டேட் சர்வீஸில் சேர்ந்துவிடுங்கள். ஆண்டுக்கு 16 பவுண்ட். அடுத்த கல்லூரி அதே நிலைச் சோதனையைக் கேட்டால், உங்கள் சம்மதத்தோடு பழைய சான்றிதழின் நிலையை இணையத்தில் உடனே பார்த்துக்கொள்ளலாம். 31ஆம் நாள் போனால் முடியாது, மறுபடி முழு விண்ணப்பம்தான்.