எட்டு லைட்டும் எரிந்தது, படம் உடைந்தது

கல்லடியில் தெரிந்தவர் ஒருவரின் வீடு. படலைக் கமராவின் படம், கிணற்று மோட்டரைப் போட்டால் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். கேபிள் இழுத்த தம்பி டெஸ்டரை மாட்டிக் காட்டினார். "எட்டு லைட்டும் எரியுது அண்ணன், வயரில பிழை இல்லை."

கமராவுக்குப் போவது ஈதர்நெட் கேபிள், கணினி வலையமைப்புக்குப் போடும் அதே கேபிள். அதன் உறையை உரித்தால் எட்டு வயர் இருக்கும். அவற்றை நான்கு சோடியாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சோடியும் தும்புக் கயிறு போல முறுக்கியிருக்கும். தொலைபேசிக்காக 1881இலேயே கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

முறுக்கு ஏன்? ஒரு வயரில் +1 போகும்போது அதன் சோடி வயரில் -1 போகும். மறுமுனை பார்ப்பது இரண்டின் வித்தியாசத்தை மட்டும்தான்: 2. வழியில் மோட்டரின் மின் இரைச்சல் (காதில் கேட்கும் சத்தமல்ல, வயரில் ஏறும் வேண்டாத மின்சாரம்) 5 வந்து ஏறினால் ஒன்று 6, மற்றது 4. வித்தியாசம் அப்போதும் 2தான்! ஆனால் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறினால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். முறுக்கியிருப்பதால் இரு வயரும் மாறி மாறி மோட்டர் பக்கம் வருகின்றன, ஏறும் இரைச்சலும் சமமாகிறது. முறுக்கின் நெருக்கம் சோடிக்குச் சோடி வேறுபடும். இல்லாவிட்டால் பக்கத்துச் சோடியின் சிக்னல் இதில் கசியும்.

சரி, பிளக்கைப் பார்த்தோம். தம்பி நிறங்களைச் சோடி சோடியாக அடுக்கியிருந்தார்: செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சோடியாக வேலை செய்வது 1-2, 3-6, 4-5, 7-8 ஆகிய பின்கள். நடுவில் உள்ள 4, 5 பழைய தொலைபேசி இணைப்பின் இடம். அதனால் பச்சைச் சோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து 3, 6இல் உட்கார வேண்டும். தம்பி அடுக்கியதில் 3இல் பச்சை, 6இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு வயர்கள் சோடி ஆகிவிட்டன. டெஸ்டர் பார்ப்பது மின்சாரம் மறுமுனைக்குப் போகிறதா என்பதை மட்டும். அதனால் எட்டு லைட்டும் எரிந்தது.

இரைச்சல் ஏறினால் தரவுத் துண்டுகள் தொலையும். மின்னஞ்சலில் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது. நேரலை வீடியோவுக்குக் காத்திருக்க நேரமில்லை. தொலைந்த இடம் சதுரமாகத் தெரியும்.

இரண்டு நுனியையும் வெட்டி சரியான வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்தோம், அதாவது வயர்களைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தினோம். முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. வெட்டிய வயரைக் கத்தியால் சுரண்டியும் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை அதிகம். இதே கேபிளில் கரண்ட் வாங்கும் கமராவுக்குத் தூரம் கூடினால் அது ஆகாது. பகலில் ஓடும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் மின்னழுத்தம் விழுந்து அணையும். நல்ல செம்பென்றாலும் 100 மீற்றர்தான் எல்லை. இது செம்புதான்.

மோட்டரைப் போடச் சொன்னேன். படலையடியில் நின்ற ஆட்டின் கழுத்துக் கயிறுகூடத் தெளிவாகத் தெரிந்தது.