சொல் விளக்கம்: எண்மயமாக்கம்

தொழிற்கல்வி பற்றிய பேச்சில் ‘டிஜிட்டலைசேஷன்’ என்ற சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. பாடப்புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கினாலும் அதே சொல், வெல்டிங் பயிற்சியை சிமுலேட்டரில் (உண்மை வேலையைப் போலவே செய்துபார்க்க உதவும் கணினிக் கருவியில்) நடத்தினாலும் அதே சொல். இரண்டும் ஒன்றல்ல.

இலத்தீனில் ‘டிஜிட்டஸ்’ என்றால் விரல். விரல்விட்டு எண்ணும் பழக்கத்தால் பத்துக்குக் கீழான எண்கள் ‘டிஜிட்’ ஆயின. மின்துடிப்புகளை எண்ணிக் கணக்கிடும் கருவிகளுக்கு ‘டிஜிட்டல்’ என்ற சொல்லை 1942-ல் முன்மொழிந்தவர் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தின் கணிதவியலாளர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ். பழைய மருத்துவ நூல்களிலும் ‘டிஜிட்டலைசேஷன்’ வரும். அது இதய நோயாளிக்கு டிஜிட்டாலிஸ் செடியின் மருந்தைக் கொடுப்பது. விரலில் மாட்டும் உறை போன்ற பூவால் அந்தச் செடிக்கு அந்தப் பெயர்.

சரி, தமிழில்? டிஜிட்டலுக்கு எண்ணிமம், எண்மம், எண்முறை என்று பல சொற்கள் உண்டு; இலங்கையில் இலக்கமுறை என்பார்கள். ‘மின்னணு’ என்று எழுதுவது பொருந்தாது, அது எலக்ட்ரானிக். வால்வு வைத்த பழைய ரேடியோ மின்னணுக் கருவிதான், ஆனால் எண்ணிமக் கருவி அல்ல.

தாளில் இருப்பதைக் கணினிக்கு ஏற்றினால் ‘டிஜிட்டைசேஷன்’, அதாவது எண்ணிமமாக்கம். வேலையும் கற்கும் முறையுமே மாறினால் ‘டிஜிட்டலைசேஷன்’. இதற்கு எண்மயமாக்கம் என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். இயந்திரமயம், உலகமயம் என்பதில் வரும் ‘மயம்’ ஒன்று முழுக்கப் பரவிக் கலந்துவிட்டதைச் சொல்கிறது. இங்கே வேண்டிய பொருள் அதுதான்.

சிமுலேட்டரில் நடக்கும் வெல்டிங் பயிற்சியைப் பாருங்கள். மாணவர் தலைக்கவசத்துக்குள் இருக்கும் திரையைப் பார்த்தபடி வெல்டிங் டார்ச்சை நகர்த்துகிறார். பிடித்த கோணம், நகர்த்திய வேகம், முனைக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளி எல்லாம் பதிவாகின்றன. வெல்டிங் எந்த இடத்தில் கெட்டது என்பதை ஆசிரியர் உடனே காட்டலாம். தகடும் ராடும் வீணாவதில்லை. ஆனால் உண்மையான வெப்பமும் புகையும் பொறியும் அதில் இல்லை. அதற்கு மாணவர் பட்டறைக்குப் போயே ஆகவேண்டும். அதனால் எண்மயமாக்கம் என்பதைப் ‘பட்டறையை மூடுவது’ என்று புரிந்துகொள்வது பெரிய தவறு.

ஜெர்மனியில் தொழில் பயிலுநர்கள் செய்த வேலையையும் கற்றதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். 2017-ல் சட்டம் மாறி, அதைக் கணினியிலும் எழுதலாம் என்றானது. அது மட்டும் என்றால் எண்ணிமமாக்கம். அதே பதிவைப் பயிற்றுநரும் தொழிற்பள்ளி ஆசிரியரும் பார்த்து, அடுத்து தரும் வேலையை அதற்கேற்ப மாற்றினால் அப்புறம் அது எண்மயமாக்கம். 2018-ல் அங்கே உலோக, மின் தொழில்களின் பயிற்சி விதிகளிலேயே எண்ணிம வேலைமுறையும் தரவுப் பாதுகாப்பும் சேர்க்கப்பட்டன. இப்படிப் பயிற்சியின் உள்ளடக்கமே மாறும் இடத்தில் இந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதலாம். வகுப்பறையில் கணினி வாங்கிப் போட்டதைச் சொல்ல ‘கணினி வசதி’ போதும்.