டியூனிங் என்பதற்குத் தமிழ் பண்ணமைப்பு

ஸ்போர்ட்ஸ் கார்களைத் தம் விருப்பத்துக்கு மாற்றி ஓட்டுவோர் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் கூடிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் சொல் டியூனிங். இதை மாடிஃபிகேஷனின் மறுபெயர் என்றே பலர் கருதுகிறார்கள், அது சரியன்று. பெரிய சக்கரம் மாட்டுவதும், ஸ்பிரிங்கைத் தாழ்த்துவதும், சைலன்சரை மாற்றுவதும் மாற்றியமைத்தல். அவ்வாறு மாற்றிய உறுப்புகளோடு இன்ஜின் பொருந்தி இயங்கும்படி காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகியவற்றின் அளவையும் நேரத்தையும் திருத்துவதுதான் டியூனிங்.

இச்சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. இழுத்துக் கட்டுதல், விறைப்பு என்னும் பொருளுடைய டோனோஸ் என்ற சொல், நரம்பை இறுக்க இறுக்கச் சுரம் உயர்வதால் சுரத்தையும் குறித்தது. அது இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் டோன் என்றாகி, அதன் திரிபாக டியூன் பிறந்தது. இசைக்கருவியின் சுருதி சேர்ப்பதைக் குறித்த அந்தச் சொல் பின்னர் இன்ஜினுக்கும் வந்தது.

அந்த மாற்றம் வெறும் உவமையால் நேர்ந்ததன்று என்பது என் எண்ணம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் இருந்த காலத்து மெக்கானிக் நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். பிறகு கலவைத் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பி, தடுமாறும் ஓசை ஒரே சீராக வந்ததும் கையை எடுத்துவிடுவார். யாழின் நரம்பைத் திருத்துபவர் செய்வதும் இதுவே. இன்று அந்த வேலை லேப்டாப்பில் எண் அட்டவணையாக நடக்கிறது. பெட்ரோல் 1 பங்கு முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் உந்தும்போது அதை 12.5, 13 அளவுக்குக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவார்கள். தீப்பொறி அளவுமீறி முந்தினால் தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவது போன்ற ஓசை எழும். நாக்கிங் எனப்படும் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் உடையும். ஆகவே, கணினி வந்த பின்னும் கேட்கும் காதுக்கு வேலை இருக்கிறது.

தமிழில் இதற்குச் சொல் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பண் என்றால் இசை. பண்ணுதல் என்பது இசைக்கருவியைச் சுருதி சேர்த்தலையும், தேர், யானை, குதிரை ஆகியவற்றை ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்தலையும் ஒருங்கே குறித்த பழஞ்சொல். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், புகாரின் கடற்கரையில் மாதவி யாழ் தொடுகிற இடத்தில், எண்வகை இசைச் செயல்களுள் முதலாவதாக நிற்பது பண்ணல். புறநானூற்றின் 12ஆம் பாட்டிலோ 'புனைதேர் பண்ணவும்' என்று வருகிறது. புலவர் ஏறிச் செல்லத் தேர் ஆயத்தமாகிறது. ஆங்கிலம் இசையிலிருந்து வண்டிக்குக் கடன் வாங்கிய பொருளைத் தமிழ் தொடக்கத்திலேயே ஒரு சொல்லுக்குள் வைத்திருந்ததை முதன்முறை கவனித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. 'வண்டியை டியூன் பண்ணினேன்' என்று இன்று சொல்பவர், அறியாமலே ஒரே பொருளை இருமுறை சொல்கிறார்.

இருப்பினும் பண்ணல் என்பதை அப்படியே எடுத்தால் ஓர் இடர் உண்டு. பேச்சில் அது 'பண்ணவில்லை' என்பதன் குறுக்கமான 'பண்ணல' போல ஒலிக்கும்; பண்ணு என்பதும் இன்று பொதுவாகச் 'செய்' என்றே பொருள்படும். இசைவித்தல் என்பது பொருந்தும் என்றாலும், உடன்பட வைத்தல் என்ற பொருளும் அதற்கு இருப்பதால் குழப்பும். எனவே பண்ணமைப்பு என்பதே தக்கது. சங்கப் பாடல்களில் தேருக்கு 'பண்ணமை' என்ற அடை இருப்பதால் இது முற்றிலும் புதிய ஆக்கமும் அன்று.

இதிலிருந்து மற்றச் சொற்களும் இயல்பாகக் கிளைக்கும். செய்பவர் பண்ணமைப்பாளர், இன்ஜின் கணினியின் எண் அட்டவணையைத் திருத்தி எழுதும் ரீமேப்பிங் மறுபண்ணமைப்பு. பந்தயத் திடலுக்கான களப் பண்ணமைப்பு உச்ச வேகத்தில் கிடைக்கும் ஆற்றலையே முதன்மையாகக் கொள்ளும். சிக்னலில் நின்று நின்று நகரும் நெரிசல், அதனால் ஏறும் இன்ஜின் வெப்பம், பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் எரிபொருளின் தரம், சட்டம் அனுமதிக்கும் ஓசையளவு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது தெருப் பண்ணமைப்பு. 'கடற்கரைச் சாலையில் ஓட்டும் வண்டி இது. தெருப் பண்ணமைப்பே போதும்' என்று பண்ணமைப்பாளரிடம் தயக்கமின்றிச் சொல்லலாம்.