ஆபீஸ் சர்வரில் ஒரு காப்பி, வீட்டு லேப்டாப்பில் ஒரு காப்பி: எது அசல்?

"சார், எஸ்டிமேட் ஷீட்ல நான் போட்டது மொத்தமும் காணோம்." ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை காலையில் வந்த அழைப்பு. போய்ப் பார்த்தால் வைரஸும் இல்லை, டிஸ்க்கும் பழுதில்லை. வெள்ளிக்கிழமை மாலை இருவர் அதே ஃபைலைத் தத்தம் லேப்டாப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவரும் உழைத்திருக்கிறார்கள். திங்கள் ஒன்பதரைக்கு ஒருவர் 'கட்' செய்து சர்வரில் போட்டார்; அதனால் அவர் லேப்டாப்பில் காப்பி மிஞ்சவில்லை. பத்து மணிக்கு இன்னொருவர் தன்னுடையதைப் போட்டார். இதே பெயரில் ஃபைல் இருக்கிறதே, மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. அவசரத்தில் 'ஆம்' கொடுத்துவிட்டார்.

சர்வரிலேயே வைத்துத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. சர்வரில் எல்லோரும் பகிரும் ஷேர் ஃபோல்டரில் ஒரு எக்செல் ஃபைலைத் திறந்ததும், அதன் பக்கத்திலேயே ~$ என்று தொடங்கும் மறைவான சிறு ஃபைல் ஒன்று உருவாகும். யார் திறந்திருக்கிறார் என்பது அதில் இருக்கும். அடுத்தவர் திறக்கப் போனால், இன்னார் வேலை செய்துகொண்டிருக்கிறார், படிக்க மட்டும்தான் முடியும் என்று சொல்லும். லேப்டாப்புக்குப் போன காப்பிக்கு இந்தக் காவல் கிடையாது.

காப்பி எடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் வழியாகப் பெரிய டிராயிங் ஃபைலைத் திறந்தால் அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஷேர் ஃபோல்டர் ஒவ்வொரு துண்டுக்கும் சர்வரோடு போய்வந்து பேசும். தூரம் கூடினால் காத்திருப்பும் கூடும். இப்படிப்பட்ட வேலைக்கு நான் சொல்லும் வழி: விபிஎன்னில் நுழைந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரையே ரிமோட் டெஸ்க்டாப்பில் இயக்குங்கள். ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும், திரையின் படம் மட்டும்தான் வீட்டுக்கு வரும். புரோகிராம் எழுதுபவர்களுக்கு, யார் எதைத் திருத்தினார் என்று கணக்கு வைத்து, இருவரின் திருத்தங்களையும் சேர்க்கும் கிட் (Git) என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரே இடத்தை இருவர் திருத்தினால் அது நிறுத்திக் கேட்கும்.

ஆனால் விபிஎன் தொல்லை வேண்டாம் என்று ரூட்டரில் 445 போர்ட்டை, அதாவது ஷேர் ஃபோல்டருக்கான வாசலை, இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது இந்த வாசல் வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டின. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டுக்கும் இதே பேச்சுதான். லேப்டாப் தொலைந்தால் ஃபைல்களும் அந்நியர் கைக்குப் போகும் என்பதால், டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரைப் போட்டு, அதன் மீட்புச் சாவியை ஆபீஸில் பத்திரமாக வையுங்கள்.

லேப்டாப்பையும் சர்வரையும் தானாகவே ஒன்றுபோல வைக்கும் சிங்க் வசதியைச் சிலர் போட்டிருப்பார்கள். சிங்க் ஆகிறதே, பேக்கப் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் இங்கே அழித்தால் சிங்க் அங்கேயும் அழிக்கும். ரான்சம்வேர் லேப்டாப்பில் பூட்டிய ஃபைலையும் சிங்க் அப்படியே சர்வருக்கு அனுப்பிவிடும்.

முதலில் சொன்ன அந்த அலுவலகத்தின் விண்டோஸ் சர்வரில், குறித்த நேரங்களில் ஃபைல்களின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஷேடோ காப்பி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நிறுவியபடியே விட்டிருந்ததால், வார நாட்களில் காலை 7 மணிக்கும் பகல் 12 மணிக்கும் மட்டும். ஒன்பதரைக்கு வந்து பத்து மணிக்குப் போன ஃபைல் இரண்டிலும் சிக்கவில்லை. இப்போது வேலை நேரத்தில் மணிக்கு ஒரு முறை எடுக்கிறது. ஒரு வால்யூமுக்கு (C:, D: போன்ற ஒரு டிரைவுக்கு) 64 காப்பிதான் வைக்கும், அதற்கு மேல் பழையது போய்விடும். அதனால் இரவில் தனி டிஸ்க்கில் முழு பேக்கப். காலையில் அதைக் கழற்றி வைக்கும் பொறுப்பை, ஷீட்டைப் பறிகொடுத்தவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.