கியாரண்டியும் வாரண்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

மிக்ஸி வாங்கும்போது "இது வாரண்டியா, கியாரண்டியா?" என்று கடைக்காரரைக் குடைந்து எடுக்கும் ஆட்கள்தான், மைத்துனரின் வங்கிக் கடனுக்கு சூரிட்டி (ஜாமீன்) கையெழுத்துப் போடும்போது படிவத்தைப் படிப்பதே இல்லை. சிவில் வழக்கறிஞராக நான் அடிக்கடி பார்ப்பது இது. இத்தனைக்கும் மூன்றும் ஒரே சங்கதி.

பிரெஞ்சில் 'கரான்' என்று ஒரு சொல். பார்த்தால் லத்தீன் வழி வந்தது போல இருக்கும். ஆனால் ரோமானியர் ஆண்ட 'கால்' (Gaul) என்ற நாட்டுக்குள், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், குடியேறிய பிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தார் கொண்டு வந்தது அது. 'இது உண்மை' என்று உறுதி சொல்லி நிற்பவர் என்று பொருள். இன்றைய ஜெர்மனில் உண்மைக்கு 'வார்' என்பதும் அதே வேர்தான்.

பாரிஸ் பக்கத்துப் பேச்சில் இத்தகைய சொற்களின் 'வ' ஒலி 'க'வாகத் திரிந்தது. வடக்கே நார்மண்டியில் திரியவில்லை. ஒரே பெயர்தான்: நார்மண்டியில் வில்லியம், பாரிஸில் கியோம். 1066-இல் அந்த நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபோது 'வ' வடிவம் ஆங்கிலத்துக்குள் போனது. அதிலிருந்து வாரண்ட், வாரண்டி. 'க' வடிவம் பின்னாளில் தனியாக வந்து கியாரண்டி ஆனது. நம் பத்திரிகைகளின் 'பிடிவாரண்ட்' கூட இந்தக் குடும்பம்தான்: காவலரின் செயலுக்குப் பொறுப்பு நிற்கும் காகிதம்.

கியாரண்டி என்றால் புதுப்பொருள், வாரண்டி என்றால் ரிப்பேர் என்பது கடைவீதி வழக்கம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவினை கிடையாது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பேச்சு. சரி, மிக்ஸி போகட்டும்.

பழைய பொருள் மாறாமல் நிற்கும் இடம் கடன் பத்திரம். கரான் என்பது முதலில் ஒரு மனிதர். காகிதம் அப்புறம் வந்தது. பிரான்சில் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் வீட்டுக்காரர் இன்றும் "உங்கள் கரான் யார்?" என்று கேட்பார். வாடகை நின்றால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். நம் ஒப்பந்தச் சட்டம் (1872) பிரிவு 128-உம் இதையே சொல்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு.

"முதலில் அவரிடம் வசூலிக்கட்டும், கிடைக்காவிட்டால் என்னிடம் வரட்டும்" என்று கட்சிக்காரர்கள் வாதாடுவார்கள். பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே இந்த வாதத்தை ஏற்கவில்லை. வங்கி நேராக உங்களிடமே வரலாம்.

கட்டிவிட்டால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. பிரிவு 140-இன்படி வங்கிக்கு இருந்த உரிமைகள், அடமானம் உட்பட, உங்களுக்கு வரும். கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடம் கேட்டு வழக்குப் போடலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கியும் அவரும் கடன் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு நீங்கள் பொறுப்பல்ல. இது பிரிவு 133. ஆனால் பல வங்கிப் படிவங்கள் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகின்றன. கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் பாருங்கள். படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.