பிரிட்ஜுக்கு ஐபி கொடுத்தால் வி.எம். பேசிவிடாது

சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்குக் கப்பலூர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து, அங்கே கணினிப் பிரிவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் தம்பி அழைத்தார். "அண்ணே, ஈஆர்பி ஓடுற வி.எம்.முக்கு நெட் வரல. பிரிட்ஜுல ஐபி இல்லாம இருந்துச்சு, குடுத்துப் பார்த்தேன். அப்பவும் வரலன்னு இன்னொரு கார்டையும் பிரிட்ஜுல சேர்த்தேன். இப்ப ஆபீஸ்ல ஒண்ணுமே வேலை செய்யல." வி.எம். என்பது ஒரு சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினி; ஈஆர்பி, நிறுவனத்தின் கணக்கு வழக்கெல்லாம் நடக்கும் மென்பொருள்; கார்டு என்றது லேன் கார்டை. இத்தனையையும் அவனியாபுரத்தில் தம் வீட்டிலிருந்தபடியே, தொலைவிலிருந்து கட்டளையிடும் எஸ்எஸ்எச் வழியாகச் செய்திருந்தார் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். அண்ணா நகரிலிருந்து ரிங் ரோடு வழியாகக் கப்பலூர் போய்ச் சேர்ந்து, சர்வரின் பின்புறமிருந்து ஒரு கேபிளைப் பிடுங்கியதும் ஆலையின் நெட்வொர்க் முழுவதும் திரும்பிவிட்டது. ஒரே மாதத்தில் இந்த வகையில் எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. முன்னிரண்டில் ஒன்று கல்லூரியிலிருந்து, மற்றது மருத்துவமனையிலிருந்து. மூன்று இடத்திலும் பழுது வெவ்வேறு என்றாலும், மூவரும் முதலில் கைவைத்த இடம் ஒன்றேதான்: பிரிட்ஜின் ஐபி.

நாலைந்து சர்வர்களை வாங்கி, ஒரே சர்வரில் பல வி.எம்.களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸோ வெறும் கேவிஎம்மோ போட்டுத் தங்களுக்கென்று ஒரு பிரைவேட் கிளவுட் வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் மதுரையைச் சுற்றிப் பெருகிவிட்டன. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றை நடத்துகிறவர்களில் பலர், பிரிட்ஜ் என்பது வி.எம்.களுக்கு நெட் "வாங்கிக் கொடுக்கும்" ஒரு பொருள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்ஜில் ஐபி இல்லை என்றால் அதுதான் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

லினக்ஸ் பிரிட்ஜ் என்பது சர்வருக்குள் மென்பொருளாக இருக்கும் ஒரு சுவிட்ச். உங்கள் மேஜைக்குக் கீழே கிடக்கும் எட்டுப் போர்ட் சுவிட்சுக்கு நீங்கள் என்றாவது ஐபி கொடுத்ததுண்டா? கொடுக்காமலேயே அதில் செருகிய கணினிகள் பேசிக்கொள்கின்றன அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். ஒரு ஃபிரேம், அதாவது லேனில் போகும் தரவுப் பொட்டலம், எந்தப் போர்ட்டில் நுழைந்தது, அதை அனுப்பிய கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி என்ன என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த முகவரிக்கு வருவதை அதே போர்ட்டில் தள்ளிவிடும். 300 விநாடிகள் அந்த முகவரியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் அந்தக் குறிப்பை மறந்துவிடும். பழைய மதுரைத் தெருக்களின் வளவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பொது வாசல் ஒன்று, உள்ளே ஏழெட்டுக் குடித்தனங்கள், வீட்டுக்காரரும் அங்கேயே ஒரு போர்ஷனில் குடியிருக்கிறார். குடித்தனக்காரருக்குத் தபால் வருவதற்கு அவரவர் கதவு எண் போதும். நடுவே இருக்கும் நடைபாதைக்கு யாரும் எண் எழுதி வைப்பதில்லை. பிரிட்ஜுக்குக் கொடுக்கும் ஐபி, வீட்டுக்காரரின் போர்ஷன் எண். அதாவது வி.எம்.களைத் தாங்கும் சர்வரான ஹோஸ்ட் தனக்காக வைத்துக்கொள்ளும் முகவரி. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வி.எம்.களுக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளெல்லாம் கார்டில் உள்ள ஐபியைப் பிரிட்ஜுக்கு மாற்றச் சொல்வது ஏன் என்று கேட்கலாம். ஒரே கார்டு உள்ள சர்வரில் அந்தக் கார்டைப் பிரிட்ஜில் சேர்த்த நொடியிலிருந்து, அதில் வந்து இறங்கும் ஃபிரேம்களையெல்லாம் பிரிட்ஜ் வாங்கிக்கொள்கிறது. கார்டின் மேல் எழுதியிருக்கும் ஐபி வெறும் அலங்காரமாகிவிடுகிறது. ஹோஸ்ட்டைத் தொடர்ந்து அடைய வேண்டுமானால் அந்த ஐபியைப் பிரிட்ஜுக்கு நகர்த்தித்தான் ஆக வேண்டும். அந்த மாற்றம் ஹோஸ்ட்டுக்காகச் செய்யப்படுவது என்ற பாதி வாக்கியத்தைக் குறிப்பு எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டை நிறுவினால் விர்பிஆர்0 என்ற பெயரில் ஒரு பிரிட்ஜ் தானாகவே முளைக்கிறது. அதற்கு 192.168.122.1 என்ற ஐபி இருக்கிறது, வி.எம்.களுக்குக் கேட்வேயும், அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலும், அதுவே. ஆனால் அது, வி.எம்.களின் முகவரியை ஹோஸ்ட்டின் முகவரியாக மாற்றி அனுப்பும் நேட் முறையில் இயங்கும் தனித் தீவு. உங்கள் அலுவலக லேனில் அதற்கு ஒரு கால்கூட இல்லை. அதைப் பார்த்துப் பழகியவர்கள், உண்மையான பிரிட்ஜில் இருக்கும் வி.எம்.முக்கும் ஹோஸ்ட்டின் ஐபியையே கேட்வேயாக எழுதிவைத்துவிட்டு இரவெல்லாம் தேடுகிறார்கள். பிரிட்ஜில் உள்ள வி.எம். உங்கள் லேனில் செருகிய இன்னொரு கணினி; மற்றக் கணினிகளுக்கு எது கேட்வேயோ அதுவே இதற்கும்.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அது ஒன்றும் புதிதல்ல. தெருவில் மின்சாரம் போனால் லைன்மேன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். எடுத்த எடுப்பில் யார் வீட்டு மீட்டரையும் கழற்றுவதில்லை. இங்கே கம்பங்கள் மூன்றுதான்: வி.எம்.மைப் பிரிட்ஜில் செருகும் டேப் போர்ட், பிரிட்ஜ், சர்வரின் உண்மையான லேன் கார்டு. வி.எம்.முக்குள்ளிருந்து கேட்வேக்குப் பிங் போட்டுவிட்டு, ஹோஸ்ட்டில், போகிற வருகிற பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை மூன்று இடத்திலும் ஓடவிட்டுப் பாருங்கள். இந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி எது என்று கேட்கும் ஏஆர்பி கேள்வி டேப்பில் தெரிந்து கார்டில் தெரியாவிட்டால், பழுது சர்வருக்குள்: கார்டு பிரிட்ஜில் சேரவே இல்லை, அல்லது ஒரே லேனைப் பல பிரிவுகளாக்கும் விலான் எண் பொருந்தவில்லை. கேள்வி கார்டைத் தாண்டி வெளியே போகிறது, பதில் வரவில்லை என்றால், சர்வரை விட்டு எழுந்து சுவிட்சிடம் போங்கள். பதில் கார்டு வரை வந்து டேப்புக்குப் போகவில்லை என்றால், அதே மேக் முகவரியோடு இன்னொரு வி.எம். எங்கோ உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏஆர்பி இரு திசையிலும் ஒழுங்காகப் போய்வருகிறது, பிங் மட்டும் நடுவில் காணாமல் போகிறது என்றால், ஏதோ ஒரு வடிகட்டி ஐபி பேக்கெட்டை மட்டும் விழுங்குகிறது.

கப்பலூரில் நடந்தது அந்தக் கடைசி வகை. அந்தச் சர்வரில் இரண்டு கார்டுகள். முதல் கார்டில் ஹோஸ்ட்டின் ஐபி, இரண்டாவது கார்டு பிரிட்ஜில், பிரிட்ஜுக்கு ஐபி கிடையாது. மிகச் சரியான அமைப்பு, மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அன்று பகலில் கேமரா மென்பொருள் ஒன்றுக்காக வேறொருவர் வந்து அதே ஹோஸ்ட்டில், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரை நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். டாக்கர், லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் கடந்து போகும் பேக்கெட்டுக்கான ஃபார்வர்ட் கொள்கையை 'டிராப்', அதாவது 'விழுங்கிவிடு', என்று மாற்றும்; பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூலும் சேர்ந்து ஏறிவிட்டால், பிரிட்ஜுக்குள்ளேயே போகும் போக்குவரத்தும் அந்த ஐபிடேபிள்ஸ் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியதாகிவிடும். ஏஆர்பிக்கு அந்த வாசல் இல்லை, ஆகவே அது தாராளமாகப் போகும். ஐபி பேக்கெட் அங்கேயே மடியும். டாக்கர்-யூசர் என்ற செயினில், அதாவது விதிப் பட்டியலில், அந்தப் பிரிட்ஜுக்கு ஒரு அனுமதி வரி எழுதியதும் ஈஆர்பி எழுந்துவிட்டது. டாக்கர் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வி.எம். எடுத்து அதற்குள் போட்டுக்கொள்ளுங்கள் என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது!

பிடுங்கிய கேபிளின் கதைக்கு வருகிறேன். இரண்டு கார்டும் ஒரே சுவிட்சுக்குத்தான் போகின்றன. இரண்டையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்தால் அது ஒரு வளையம். வளையத்தைக் கண்டு தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயும் அணைந்திருந்ததால், எல்லாக் கணினிக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் அந்த வளையத்துக்குள் ஓயாமல் சுற்றிப் பெருகி, மொத்த ஆலையின் நெட்வொர்க்கையும் திணறடித்துவிட்டது. வேகத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ இரண்டு கார்டு வேண்டுமானால் அவற்றை முதலில், இரண்டை ஒன்றாக்கும் பாண்டிங்கில் கட்டி, அந்தப் பாண்டைப் பிரிட்ஜில் சேருங்கள். தயவுசெய்து தனித்தனியாகச் சேர்க்காதீர்கள்.

கல்லூரியில் பழுது சுவிட்சின் போர்ட் செக்யூரிட்டியில் இருந்தது. ஒரு போர்ட்டில் ஒரே மேக் முகவரிதான் வரலாம் என்று வைத்திருந்தார்கள். சிஸ்கோ சுவிட்சில் அதை இயக்கிவிட்டு வேறொன்றும் எழுதாவிட்டால் எண்ணிக்கை 1, மீறினால் தண்டனை போர்ட்டையே மூடிவிடுவது. ஆய்வகத்தில் புது வி.எம். ஒன்றைத் தொடங்கியதும் ஹோஸ்ட் முழுவதும் இறந்துபோயிற்று. அவர்கள் கேபிளை மாற்றினார்கள், கார்டை மாற்றினார்கள், கடைசியில் வி.எம்.களின் ஃபயர்வால்களையும் ஒவ்வொன்றாக அணைத்தார்கள். சுவிட்சில் அந்தப் போர்ட் 'எர்-டிஸேபிள்ட்' (பிழையால் மூடப்பட்டது) என்று தெளிவாக எழுதிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கத்தான் ஒருவரும் போகவில்லை. வி.எம்வேருக்குள் வி.எம். ஓட்டும் இன்னொரு மென்பொருளை (ஹைப்பர்வைசரை) வைத்துப் பழகுகிறவர்களுக்கும் இதே கதைதான்: வெளியே உள்ள போர்ட் குரூப்பில் பிற மேக் முகவரிக்கு வருவதையும் வாங்க விடும் ப்ராமிஸ்குவஸ் மோடையும், பிற மேக் முகவரியோடு அனுப்ப விடும் ஃபோர்ஜ்ட் டிரான்ஸ்மிட்ஸையும் அனுமதிக்காவிட்டால் உள்ளே இருக்கும் வி.எம். வெளியுலகைப் பார்க்காது. மடிக்கணினியின் வைஃபையைப் பிரிட்ஜில் சேர்க்க முயல்வதும் பெரும்பாலும் வீண். தன்னிடம் பதிவு செய்த மேக் முகவரியைத் தவிர வேறெதையும் ஆக்சஸ் பாயின்ட் ஏற்காது.

மருத்துவமனைப் பழுதைப் பற்றிச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம், ஏனென்றால் அரை நாள் நானும் ஏமாந்தேன். ஒரு உபுண்டு வி.எம்.மை நான்காக நகலெடுத்திருந்தார்கள். மேக் முகவரிகள் நான்கும் வெவ்வேறு, ஆனாலும் ஐபிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி நான்குக்கும் ஒரே ஐபியையே கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய உபுண்டு, டிஎச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள மேக் முகவரியை விட்டுவிட்டு மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து ஒரு அடையாளத்தை உருவாக்குகிறது. நகலில் அந்தக் கோப்பும் அப்படியே நகலாகிவிடுகிறது. மூல வி.எம்.மை டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுங்கள். நகல் முதன்முறை எழும்போது தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ளும்.

பிங் போகிறது, பெரிய பக்கம் மட்டும் திறக்கவில்லை என்பவர்கள், ஒரு பேக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவைப் பாருங்கள். பிரிக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் போட்டால், தலைப்புகள் 28 சேர்ந்து 1500 ஆகும். அது போய்த் திரும்ப வேண்டும். ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றின் மேல் சுமந்து செல்லும் விஎக்ஸ்லேன் நடுவில் இருந்தால் அது 50 பைட்டைத் தின்றுவிடும், ஆகவே வி.எம்.மில் 1450 வையுங்கள். வி.எம். தொடங்கி அரை நிமிடம் கழித்துத்தான் நெட் வருகிறது என்றால், ஸ்பேனிங் ட்ரீ இரண்டு நிலைகளில் 15 விநாடி வீதம் காத்திருக்கிறது என்று பொருள். அது பழுதே அல்ல.

இனி, தொலைவிலிருந்து கைவைப்பவர்களுக்கு. நீங்கள் எந்தக் கார்டு வழியாக உள்ளே நுழைந்தீர்களோ அந்தக் கார்டை எஸ்எஸ்எச்சில் இருந்துகொண்டு பிரிட்ஜில் சேர்க்காதீர்கள். சர்வரைத் தனிக் கேபிள் வழியாகத் தொலைவிலிருந்து கையாள உதவும் ஐடிராக், ஐலோ போன்ற கன்சோல் வழி ஒன்று சர்வர் வாங்கும்போதே பெரும்பாலும் கூட வந்திருக்கும். அதற்கு ஒரு கேபிள் செருகி வையுங்கள் என்றால் பலருக்கு அது தெரியவே தெரியாது. அதுவும் இல்லையென்றால் பழைய உபாயம் ஒன்று உண்டு: இன்னும் பத்து நிமிடத்தில் ரீபூட் என்று முதலில் ஆணையிட்டுவிட்டு, மாற்றத்தைக் கோப்பில் எழுதாமல் கட்டளையாக மட்டும் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ரீபூட்டை ரத்துச் செய்யலாம். கை தவறினால் சர்வர் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வேலை ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.களும் சேர்ந்தே விழுந்தெழும் என்பதால் இதையும் யோசித்தே செய்யுங்கள். உபுண்டுவில் நெட்பிளான் ட்ரை என்ற கட்டளை 120 விநாடியில் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் மாற்றத்தைத் திரும்பப் பெறும் என்று பலர் அதை நம்பி இறங்குகிறார்கள். பிரிட்ஜ், பாண்ட் ஆகியவற்றின் தனி அளவுருக்களைத் தொட்டிருந்தால் அந்தத் திரும்பப் பெறுதல் கிடைக்காது.

சோதனைக்காக எதை அணைத்தீர்களோ அதைத் தாளில் குறித்து வைத்து, பழுது தீர்ந்ததும் திரும்ப இயக்குங்கள். கப்பலூரிலிருந்து கிளம்பும் முன் மற்ற வி.எம்.களையும் ஒருமுறை பார்த்தேன். சம்பளக் கணக்கு ஓடும் வி.எம்.மில் ஃபயர்வால் அணைந்து கிடந்தது. கேட்டதற்கு, "போன தீபாவளி சமயத்துல டெஸ்ட்டுக்கு ஆஃப் பண்ணதுண்ணே" என்றார் தம்பி. அதை இயக்கி, சம்பள மென்பொருளுக்கு வேண்டிய போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு வெளியே வந்தபோது மணி இரண்டரை. அடுத்த முறை என்னை அழைக்கும் முன் டேப், பிரிட்ஜ், கார்டு ஆகிய மூன்று இடத்து டிசிபிடம்ப் வெளியீட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.