ஸ்டெல்லரேட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

லத்தீனில் 'ஸ்டெல்லா' என்றால் விண்மீன். அதோடு ஜெனரேட்டரில் வரும் விகுதியைச் சேர்த்து, 1951-இல் வானியற்பியலாளர் லைமன் ஸ்பிட்சர் உண்டாக்கிய சொல் ஸ்டெல்லரேட்டர். விண்மீனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவைத் தரையில் நடத்தும் கருவி என்று பொருள். விண்மீனை ஈர்ப்பு விசை கட்டிவைக்கிறது. இங்கே அந்த வேலை காந்தப்புலத்துக்கு.

சரி, பிளாஸ்மாவை, அதாவது கடும் வெப்பத்தில் மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவை, வளையக் குழாயில் சுற்றவிட்டால் போதாதா? போதாது. வளையத்தின் உட்பக்கம் புலம் வலுவாகவும் வெளிப்பக்கம் மெலிந்தும் இருப்பதால், துகள்கள் மேலும் கீழுமாக விலகிச் சுவரில் முட்டிவிடும். புலக்கோடுகளை முறுக்கியே தீர வேண்டும். இணைவுக்கான இன்னொரு வளையக் கருவியான டோக்கமாக், அந்த முறுக்குக்குப் பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்னோட்டத்தை ஓடவிடுகிறது. ஸ்டெல்லரேட்டர் வெளியே இருக்கும் கம்பிச்சுருள்களை நம்புகிறது. ஸ்பிட்சர் தொடக்கத்தில் குழாயையே 8 வடிவில் வளைத்தார். ஆனாலும் பிளாஸ்மா கசிந்துகொண்டே இருந்தது.

கணினி சிமுலேஷன் வந்த பிறகுதான் இந்தக் கருவிக்கு மறுவாழ்வு கிடைத்தது. வேலை தலைகீழாக நடக்கிறது, அதுதான் இதில் அழகு. முதலில் பிளாஸ்மாவுக்கு ஒரு வடிவம் கொடுத்து, துகள்கள் எங்கே தப்பி ஓடுகின்றன என்று கணினியில் பின்தொடர்கிறார்கள். வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும் கணக்கிடுகிறார்கள். நல்ல வடிவம் கிடைத்த அப்புறம்தான், அந்தப் புலத்தைத் தரக்கூடிய கம்பிச்சுருள் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் அப்படிப் பிறந்ததுதான். அதன் முதன்மையான 50 மீகடத்திச் (மின்தடையே இல்லாத) சுருள்களில் ஒன்றுகூடத் தட்டையான வட்டமில்லை. ஒவ்வொன்றும் கசக்கிவிட்ட வளையம்போல உள்ளும் புறமும் நெளிந்திருக்கும். அந்த நெளிவைத் தீர்மானித்தது கணக்கு. 2015 டிசம்பரில் முதல் பிளாஸ்மா உருவானது. புலத்தை அளந்து பார்த்தபோது, திட்டமிட்டதிலிருந்து விலகல் 1,00,000-இல் ஒரு பங்குக்கும் குறைவு!

இனி தமிழ்ச் சொல். நேராக மொழிபெயர்த்தால் 'விண்மீனாக்கி'. கேட்க இனிமைதான், ஆனால் டோக்கமாக்குக்கும் அது அப்படியே பொருந்திவிடும். வேறுபாடு சுருளின் நெளிவில் இருப்பதால் 'நெளிசுருள் கலன்' என்பதே என் பரிந்துரை. ஸ்பிட்சரின் முதல் கருவிக்கு இது சரிவராது. இன்று கணினியில் வடிவமைக்கும் கருவிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். முதன்முறை எழுதும்போது மட்டும் பக்கத்தில் ஸ்டெல்லரேட்டர் என்றும் போடுங்கள்.